ரொட்டி விலையைக் குறைத்த ரிச்சர்டு காப்டன்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கோதுமையைத் தடுக்கச் சட்டம் இருந்தது. கப்பலில் வந்த மூட்டைகள் துறைமுகக் கிடங்கில் பூட்டிக் கிடக்கும். அதே நாட்டில் ஏழைகள் ரொட்டி வாங்க முடியாமல் பட்டினி கிடப்பார்கள்.

அந்தச் சட்டத்தை ஒழிக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று போராடியவர் ரிச்சர்டு காப்டன். அவர் பிரபு அல்ல. கல்லூரியில் படித்தவரும் அல்ல. அவர் ஒரு துணி வியாபாரி.

போராட்டத்தில் அவர் வென்றார். ஆனால் அவருடைய சொந்த வியாபாரம் பாழாயிற்று. அவர் திறந்து வைத்த வாசல் வழியாகச் சிலருக்கு வாழ்வு வந்தது. சிலருக்குத் துன்பம் வந்தது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

பண்ணை பறிபோனது

தெற்கு இங்கிலாந்தில் சசெக்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே மிட்ஹர்ஸ்ட் என்ற ஊருக்கு அருகே உள்ள டன்போர்டு பண்ணை வீட்டில், 1804-ம் ஆண்டு ஜூன் 3-ந்தேதி ரிச்சர்டு காப்டன் பிறந்தார். பெற்றோருக்கு 11 பிள்ளைகள். ரிச்சர்டு நான்காவது பிள்ளை.

தந்தை வில்லியம் மிகவும் நல்லவர். ஆனால் வரவு செலவில் கெட்டிக்காரர் அல்ல. கடன் ஏறிற்று, பண்ணை கையை விட்டுப் போயிற்று. குடும்பம் சிதறியது. பிள்ளைகளை உறவினர்கள் ஆளுக்கொருவராக அழைத்துச் சென்றார்கள்.

அதுவரை தந்தையின் ஆடுகளை மேய்த்துத் திரிந்த சிறுவன் ரிச்சர்டை, உறவினர் ஒருவர் வடக்கே யார்க்‌ஷயரில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே வயிறாரச் சோறு கிடையாது. அன்பாகப் பேச ஆள் கிடையாது. ஐந்து ஆண்டுகள் அங்கேயே கிடந்தான். அத்தனை காலமும் பெற்ற தாயின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பெரியவரான பிறகும் அந்த நாட்களைப் பற்றிப் பேச அவருக்கு மனம் வராது.

15-வது வயதில் லண்டனில் மாமாவின் துணிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அதிகாலையில் எழுந்து புத்தகம் படிப்பார். வியாபாரம் செய்கிற பையனுக்குப் படிப்பு எதற்கு என்று மாமா முகம் சுளிப்பார். ரிச்சர்டு விடவில்லை. யார் உதவியும் இல்லாமல் பிரெஞ்சு மொழிகூடப் படித்தார்.

21-வது வயதில் துணி மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கும் வேலை கிடைத்தது. குதிரை வண்டியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எல்லாம் சுற்றினார். எந்த ஊரில் என்ன விளைகிறது, என்ன விலை போகிறது, யார் வாங்குகிறார்கள், யார் வாங்க முடியாமல் தவிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி ஆயிற்று.

கோழிக்கோட்டுத் துணி

1828-ம் ஆண்டில் காப்டனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். மூவரிடமும் சேர்த்து இருந்த முதல் 1,000 பவுன். அதிலும் பாதி கடன் வாங்கியது. மான்செஸ்டரில் ஒரு பெரிய கம்பெனி அவர்களை நம்பிச் சரக்கைக் கடனாகக் கொடுத்தது. வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1831-ல் லங்காஷயரில் உள்ள சாப்டன் என்ற ஊரில், துணிக்கு அச்சுப் போடும் ஆலையையே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள்.

அவர்கள் அச்சுப் போட்ட துணிக்குக் காலிகோ என்று பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நமது கேரளக் கடற்கரையில் உள்ள கோழிக்கோட்டிலிருந்துதான்! அந்தத் துறைமுகத்தின் பெயரே மேல்நாட்டில் பருத்தித் துணியின் பெயராகிவிட்டது.

இந்தியச் சீட்டித் துணி 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. மெல்லிய துணி, துவைத்தாலும் போகாத சாயம், விலையும் மலிவு. சீமாட்டிகள் முதல் வேலைக்காரிகள் வரை அதை விரும்பி உடுத்தினார்கள். அங்கே கம்பளியும் பட்டும் நெய்தவர்களுக்கு வயிற்றில் அடி விழுந்தது. அவர்கள் கலகம் செய்தார்கள். உடனே பார்லிமெண்டு 1701-லும் 1721-லும் சட்டங்களைக் கொண்டுவந்து, இந்தியச் சீட்டிக்குத் தடை போட்டது.

தடை இருந்த காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பருத்தி நூற்கவும் நெய்யவும் அச்சுப் போடவும் தாங்களே கற்றார்கள். பிறகு யந்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். காப்டன் தொழில் தொடங்கிய காலத்தில் எல்லாம் தலைகீழாக மாறியிருந்தது. மான்செஸ்டர் துணி இந்தியக் கடைவீதிகளில் வந்து குவியத் தொடங்கியிருந்தது.

ஆக, சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஒரு தொழிலில்தான் காப்டன் பணக்காரர் ஆனார். அதே காப்டன்தான் இன்னொரு சட்டத்தை எதிர்த்துக் கிளம்பினார்.

தானியச் சட்டம்

அந்தச் சட்டம் எப்படி வந்தது?

பிரெஞ்சுச் சக்கரவர்த்தி நெப்போலியனோடு இங்கிலாந்து நீண்ட காலம் போர் நடத்தியது. அப்போது வெளிநாட்டுத் தானியம் சரிவர வரவில்லை. கோதுமை விலை ஏறிக்கொண்டே போயிற்று. நிலத்துக்குக் குத்தகையும் ஏறியது. நிலச்சுவான்தார்கள் செழித்தார்கள்.

போர் முடிந்தது. வெளிநாட்டுக் கோதுமை மறுபடி வரும், விலை விழும், குத்தகையும் குறையும் என்று அவர்கள் பயந்தார்கள். பார்லிமெண்டில் அவர்கள் வைத்ததுதான் சட்டம். 1815-ல் தானியச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். லண்டனில் ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். பார்லிமெண்டைச் சுற்றிப் பட்டாளம் நிறுத்தப்பட்டது.

உள்நாட்டில் ஒரு குவார்ட்டர் கோதுமை 80 ஷில்லிங் விலைக்கு ஏறும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்கக்கூடாது என்றது சட்டம். குவார்ட்டர் என்பது அந்நாளைய தானிய அளவு. சுமார் 218 கிலோ. 20 ஷில்லிங் கொண்டது ஒரு பவுன்.

ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு குவார்ட்டர் கோதுமை வேண்டும் என்பது அந்நாளில் எல்லோரும் சொல்லிய கணக்கு. வீட்டில் ஐந்து பேர் என்றால் 5 குவார்ட்டர். 80 ஷில்லிங் விலையில் அது 400 ஷில்லிங். பண்ணைக் கூலியாளுக்கு வாரக் கூலி 8 அல்லது 10 ஷில்லிங். ஆண்டு முழுவதும் வேலை கிடைத்தாலும் 520 ஷில்லிங்குக்கு மேல் போகாது. ரொட்டிக்கே அத்தனையும் போனால் துணிக்கு எங்கே போவது? வாடகைக்கு எங்கே போவது? பலர் ரொட்டியை விட்டு உருளைக்கிழங்கைத் தின்றார்கள்.

1828-ல் சட்டத்தைச் சிறிது மாற்றினார்கள். உள்நாட்டு விலை ஏற ஏற இறக்குமதி வரி குறையும். விலை இறங்க இறங்க வரி கூடும். இதனால் வேறு ஒரு தொல்லை வந்தது. வரி குறையும் நாளை எதிர்பார்த்து வியாபாரிகள் கோதுமையைக் கிடங்கில் பதுக்கிவைத்தார்கள். சமயம் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் அவிழ்த்து விட்டார்கள். விலை ஏறி ஏறி விழுந்தது.

கோதுமைக்குத் தடை, துணிக்கும் அடி

1838-ல் மான்செஸ்டர் வியாபாரிகள் சிலர் தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கத்தை அமைத்தார்கள். மறு ஆண்டில் அது நாடு முழுவதற்குமான கழகம் ஆயிற்று. காப்டன் அதன் உயிர்நாடி ஆனார்.

அவர் ஜனங்களுக்கு எடுத்துச் சொன்ன கணக்கு மிகவும் எளிமையானது. அமெரிக்காக்காரனிடம் கோதுமை இருக்கிறது. போலந்துக்காரனிடமும் இருக்கிறது. அவர்களுக்கு நம் துணி வேண்டும். துணிக்கு விலையாக அவர்கள் எதைக் கொடுப்பார்கள்? கோதுமையைத்தான் கொடுக்க முடியும். அதை வாங்கமாட்டோம் என்று கதவை அடைத்தால், அவர்கள் நம் துணியை எப்படி வாங்குவார்கள்? தாங்களே ஆலை கட்டிக்கொள்வார்கள்.

இப்படிக் கோதுமையைத் தடுத்த சட்டம் துணியையும் தடுத்தது. ஆலைத் தொழிலாளிக்கு இரண்டு அடி. ரொட்டி விலை ஏறியது ஒரு அடி. வேலை குறைந்தது இன்னொரு அடி. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வியாபாரம் மிகவும் மந்தமாகி, லங்காஷயர் ஊர்களில் ஆலைகள் மூடப்பட்டன. ஸ்டாக்போர்ட்டு நகரில் வீடுகள் குடியிருக்க ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. அந்த நகரம்தான் 1841-ல் காப்டனைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது.

ஆலை முதலாளிகளின் கழகத்தை எல்லாத் தொழிலாளர்களும் நம்பிவிடவில்லை. ரொட்டி விலை குறைந்தால் கூலியையும் குறைத்துவிடுவார்கள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. முதலில் ஓட்டுரிமை, பிறகு ரொட்டி என்று அவர்களில் ஒரு சாரார் தனிக் கிளர்ச்சி நடத்தினார்கள். காப்டன் கூட்டங்களில் கலாட்டாவும் நடந்தது.

பிரைட்டின் துயரம்

1841-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ராச்டேல் நகரின் நூல் ஆலைக்காரர் ஜான் பிரைட்டின் இளம் மனைவி இறந்துபோனார். கைக்குழந்தையோடு பிரைட் இடிந்து உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்கப் போனார் காப்டன். ஆறுதல் சொன்னார். பிறகு, இந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் தாய்மாரும் குழந்தைகளும் பசியால் சாகிறார்கள் என்பதை நினைவூட்டினார். துக்கம் சற்றுத் தணிந்ததும் தன்னோடு வரவேண்டும் என்றும், சட்டம் ஒழியும்வரை இருவரும் ஓயக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்.

பிரைட் எழுந்து வந்தார். இருவரும் சேர்ந்தார்கள். பிரைட் பேசினால் கூட்டம் ஆவேசம் கொள்ளும். காப்டன் பேசினால் எதிரியும் யோசிக்கத் தொடங்குவான்.

1840-ல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்திருந்தது. கழகம் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. லட்சக்கணக்கான துண்டுப் பிரசுரங்கள் வீடு தேடிச் சென்றன. புதிய ரயில் வண்டிகளில் பேச்சாளர்கள் ஒரே நாளில் ஊர்விட்டு ஊர் பறந்தார்கள். பெண்கள் கைவேலைப் பொருட்களைச் சந்தை போட்டு விற்று நிதி திரட்டினார்கள். மான்செஸ்டரில் காப்டன் கொடுத்த மனையில் பெரிய கூட்ட மண்டபம் எழுந்தது. அது சாதாரண இடம் அல்ல. 1819-ல் உரிமை கேட்டுக் கூடிய ஜனங்கள் மீது குதிரைப்படை பாய்ந்து பலரைக் கொன்ற அதே மைதானம்!

பிரதமர் வாயடைத்தார்

குடியானவர்களைக் காப்பாற்றத்தான் தானியச் சட்டம் என்று நிலச்சுவான்தார்கள் சொல்லி வந்தார்கள். காப்டன் குடியானவரின் மகன். அந்தப் பேச்சை அவர் சும்மா விடவில்லை.

1845-ம் ஆண்டு மார்ச் 13-ந்தேதி பார்லிமெண்டில் எழுந்தார். விவசாயி என்று ஒரே பெயரில் சொல்கிறோமே, அதில் மூன்று பேர் அடக்கம் என்பதைப் பிட்டுப் பிட்டு வைத்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர். குத்தகைக்கு எடுத்து உழுபவர் ஒருவர். கூலிக்கு வேலை செய்பவர் ஒருவர். சட்டத்தால் கோதுமை விலை ஏறும் என்று எதிர்பார்த்துக் குத்தகைதாரர் அதிகக் குத்தகைக்கு ஒப்புக்கொள்கிறார். விளைச்சல் பெருகி விலை விழுந்தால் குத்தகை குறைவதில்லை. அவர் கடனாளி ஆகிறார். கூலியாளுக்கோ கூலி ஏறவே இல்லை. ரொட்டி விலைதான் ஏறுகிறது. அப்படியானால் சட்டம் காப்பாற்றுவது யாரை?

பிரதம மந்திரி சர் ராபர்ட் பீல் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நிலச்சுவான்தார் கட்சியின் தலைவர். பதில் சொல்வதற்காகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தவர், அந்தக் காகிதத்தைக் கசக்கினார். பக்கத்தில் இருந்த சக மந்திரியிடம், தம்மால் பதில் சொல்ல முடியாது என்று கூறி, அவரையே பதில் சொல்லச் செய்தார்.

சட்டம் ஒழிந்தது

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தோண்டிய கிழங்கெல்லாம் அழுகிப் போயிருந்தது. அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு வேறு உணவு இல்லை. இனியும் வெளிநாட்டுத் தானியத்தைத் தடுத்து வைக்க முடியாது என்று பீல் முடிவு செய்தார்.

சொந்தக் கட்சி அவர்மீது பாய்ந்தது. துரோகி என்று தூற்றியது. அவர் அசையவில்லை. 1846-ம் ஆண்டு மே மாதம் காமன்ஸ் சபையில் சட்டம் ரத்தாக 327 பேரும், எதிராக 229 பேரும் ஓட்டுப் போட்டார்கள். ஜூன் 25-ந்தேதி பிரபுக்கள் சபையும் ஒப்புக்கொண்டது. அதே இரவு வேறொரு மசோதாவில் பீலைத் தோற்கடித்து, அவருடைய கட்சியினரில் பலர் பழி தீர்த்துக்கொண்டார்கள். பதவி விலகும்போது பீல், இந்த வெற்றியின் பெருமை தமக்கு உரியது அல்ல, ரிச்சர்டு காப்டனுக்கே உரியது என்று சபையில் அறிவித்தார்.

வரி படிப்படியாகக் குறைந்து, 1849-ல் பெயருக்கு ஒரு ஷில்லிங் மட்டும் மிஞ்சியது.

ஆனால் அயர்லாந்தைக் காப்பாற்ற அது போதவில்லை. கோதுமை மலிந்தாலும் அதை வாங்கக் கையில் காசு வேண்டுமே! அங்கே சுமார் பத்து லட்சம் பேர் பசிக்கும் நோய்க்கும் பலியானார்கள். இன்னும் அத்தனை பேர் கப்பல் ஏறி வெளிநாடு போனார்கள். பஞ்சம் நடந்தபோதே அயர்லாந்திலிருந்து தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆயிற்று. பணம் இருக்கும் இடத்துக்கே சரக்கு போகும் என்பது வியாபாரத்தின் இயல்பு.

வியாபாரி வியாபாரத்தை இழந்தார்

ஊருக்கு உழைத்த ஆண்டுகளில் காப்டன் தம் ஆலையைக் கவனிக்கவில்லை. கணக்கைப் பார்த்தபோது தலைக்குமேல் வெள்ளம். 1845-லேயே எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கிவிடலாமா என்று எண்ணினார். பிரைட்தான் ஓடிவந்து தடுத்தார். நண்பர்களிடம் பணம் திரட்டிச் சமாளித்தார். சட்டம் ஒழிந்த பிறகு ஜனங்கள் நன்றியோடு நிதி வழங்கினார்கள். 75,000 பவுனுக்குமேல் சேர்ந்தது. கடனை அடைத்தார் காப்டன். தந்தை இழந்த டன்போர்டு வீட்டை வாங்கிக் குடியேறினார்.

மிச்சப் பணத்தில் பெரும் பகுதியை அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வே பங்குகளில் போட்டார். அதில் கையைச் சுட்டுக்கொண்டார்.

1856-ல் இடி விழுந்தது. ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த 15 வயது மகன் காய்ச்சலில் இறந்துபோனான். அவருடைய மனைவி கேதரின் அந்தத் துயரத்திலிருந்து மீள நெடுங்காலம் ஆயிற்று.

வியாபாரம் வளரவேண்டும் என்று பேசியவர்தான். ஆனால் பீரங்கியைக் காட்டி வியாபாரம் செய்வதை அவர் வெறுத்தார். பர்மாமீது போர் தொடுத்ததைக் கண்டித்து 1853-ல் புத்தகம் எழுதினார். சீனாவின் காண்டன் நகரைப் பிரிட்டிஷ் கப்பற்படை குண்டு வீசித் தாக்கியபோது, 1857-ல் சர்க்காரைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்து வென்றார். அடுத்து வந்த தேர்தலில் அதற்காகவே தோற்கடிக்கப்பட்டார். இந்தியாவை இங்கிலாந்து ஆள்வதும் முறையல்ல என்பதே அவர் கருத்து.

பட்டு ரிப்பன் அறுந்தது

1859-ல் ராச்டேல் நகரம் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது. மந்திரி பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். ஆனால் பிரான்சோடு வியாபார ஒப்பந்தம் செய்யச் சம்பளம் இல்லாமல் பாரிசுக்குப் போனார். மிஷேல் ஷெவாலியே என்ற பிரெஞ்சு அறிஞர் துணை நின்றார். 1860-ம் ஆண்டு ஜனவரி 23-ந்தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரான்சு, இங்கிலாந்தின் நிலக்கரிக்கும் இரும்புக்கும் துணிக்கும் வரியைக் குறைத்தது. இங்கிலாந்து, பிரெஞ்சு ஒயினுக்கு வரியைக் குறைத்தது. பிரெஞ்சுப் பட்டுக்கு வரியையே நீக்கியது.

நிலக்கரிச் சுரங்கக்காரர்கள் மகிழ்ந்தார்கள். கோவன்ட்ரி நகரம் அழுதது. அங்கே பெரும்பாலானவர்களுக்குப் பட்டு ரிப்பன் நெசவுதான் தொழில். அழகான பிரெஞ்சு ரிப்பன் வரியில்லாமல் வந்து இறங்கியதும் அவர்களுடைய தறிகள் நின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். பலர் கப்பல் ஏறினார்கள். பிறகு அந்த ஊரில் தையல் மெஷின் செய்யும் தொழில் வந்தது. அதிலிருந்து சைக்கிள் தொழில் பிறந்து, கோவன்ட்ரி மறுபடி நிமிர்ந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் தறியோடு தறியாக முடங்கியவர்களுக்கு அந்தச் சைக்கிள் சோறு போடவில்லை.

ஒப்பந்தத்துக்காக அளித்த பட்டத்தையும் காப்டன் மறுத்துவிட்டார்.

தூத்துக்குடிக்கு வந்த அதிர்ஷ்டம்

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்களின் துறைமுகங்களை வட மாநிலக் கப்பற்படை முற்றுகையிட்டது. லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பருத்தி நின்றது, ஆலைகள் நின்றன. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் கஞ்சித் தொட்டி முன் நின்றார்கள். அப்படியும் அடிமைத்தனத்தை ஒழிக்கப் போராடிய வட மாநிலங்களையே காப்டனும் பிரைட்டும் ஆதரித்தார்கள்.

லங்காஷயரின் துன்பம் இந்தியக் குடியானவனுக்கு அதிர்ஷ்டமாக வந்தது. பம்பாயில் பருத்தி விலை எக்கச்சக்கமாக ஏறியது. நமது திருநெல்வேலிச் சீமையின் கரிசல் காட்டுப் பருத்திக்கும் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரே கிராக்கி. 1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலை மடமடவென்று சரிந்தது. விலை நிற்கும் என்று நம்பிக் கடன் வாங்கியவர்கள் கலங்கினார்கள். பம்பாயில் பெரிய பெரிய கம்பெனிகளே கவிழ்ந்தன. எங்கோ நடந்த போர் அவர்களை ஏற்றியது. எங்கோ பிறந்த சமாதானம் அவர்களை இறக்கியது.

அந்தச் சமாதானத்தைக் காப்டன் பார்க்கவில்லை. அவருக்கு நெடுநாளாக மார்பில் சளித்தொல்லை உண்டு. கடுங்குளிரைப் பொருட்படுத்தாமல் பார்லிமெண்டில் பேச லண்டனுக்குப் போனார். படுத்த படுக்கையானார். 1865-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி, 60-வது வயதில் இறந்தார். அருகில் பிரைட் இருந்தார். பிறந்த ஊருக்குப் பக்கத்தில், வெஸ்ட் லாவிங்டனில், மகனின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

பிறகு வந்த கணக்கு

தானியச் சட்டம் ஒழிந்தால் விவசாயம் அழிந்துவிடும் என்று சொன்னார்கள் அல்லவா? காப்டன் வாழ்ந்தவரை அப்படி நடக்கவில்லை. வெளிநாட்டிலும் மிச்சத் தானியம் அதிகம் இல்லை. கப்பல் கூலியும் அதிகம். கோதுமை விலை ஓரளவு நின்றது.

1870-களுக்குப் பிறகுதான் அலை வந்தது. அமெரிக்கப் புல்வெளிகளில் ரயில் ஓடியது. அங்கே விளைந்த கோதுமை நீராவிக் கப்பலில் வந்து இறங்கியது. காப்டன் பங்கு வாங்கிய ரயில்வேயும் அந்தத் தானியத்தைச் சுமந்த ரயில்களில் ஒன்று! 1873-ல் குவார்ட்டர் 58 ஷில்லிங்குக்கு மேல் விற்ற கோதுமை, 1894-ல் 23 ஷில்லிங்கைக்கூட எட்டவில்லை. நகரத்துத் தொழிலாளி வயிறாரத் தின்றான். கிராமத்துக் குத்தகைதாரர் நொடித்தார். கோதுமை வயல்கள் மேய்ச்சல் நிலமாயின. பண்ணையாட்கள் பட்டணத்துக்குப் போனார்கள்.

அதே மலிவுக் கோதுமை மற்ற நாடுகளையும் தாக்கியது. 1879-ல் ஜெர்மனி சுங்கவரி போட்டுத் தன் குடியானவரைக் காத்தது. டென்மார்க் வேறு வழி கண்டது. மலிவுத் தானியத்தை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டது. வெண்ணெயும் பன்றி இறைச்சியும் விற்றுப் பிழைத்தது. குடியானவர்கள் கூட்டுறவுச் சங்கம் வைத்து அதைச் செய்தார்கள்.

எந்த வழி என்று அந்த நாடுகள் தாங்களே முடிவு செய்தன. இந்தியாவுக்கு அந்த உரிமை இல்லை. லங்காஷயர் ஆலைகளின் வற்புறுத்தலால் 1882-ல் இந்தியாவில் பருத்தித் துணிக்கு இறக்குமதி வரி அடியோடு நீக்கப்பட்டது. பிறகு சர்க்காருக்குப் பணமுடை வந்து மறுபடி வரி போட்டபோது, 1896-ல் இந்திய ஆலைத் துணிக்கும் அதே அளவு வரி விதித்தார்கள். தடையற்ற வியாபாரம் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். இந்திய நெசவாளியையோ ஆலைக்காரரையோ யாரும் கேட்கவில்லை.

மான்செஸ்டரில் செயின்ட் ஆன் சதுக்கத்தில் காப்டனுக்கு 1867-ல் சிலை வைத்தார்கள். அவரால் பயன் அடைந்தவர்கள் பல லட்சம் பேர். ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ரொட்டியில் ஓரிரு காசு மிச்சம். அடிபட்டவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அவர்களுக்குப் போனது முழுப் பிழைப்பு. கோவன்ட்ரித் தறிக்காரரும், நொடித்த குத்தகைதாரரும், கேட்கப்படாத இந்திய நெசவாளியும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள். நாட்டின் வாசலைத் திறக்கவோ அடைக்கவோ நினைக்கும் ஒவ்வொரு சர்க்காரும் இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.